‘வீக்’ மாத்திரைதானே, என்ன ஆகிடப் போகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடங்கல்களையும் திரும்பச் சொன்ன இடங்களையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை எங்க வீட்டு பாத்ரூம் வாசலிலிருந்து ஆரம்பிக்கணும்.

சேக்காட்டில், சி.டி.எச் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்க வீடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் 31 வருஷம் லேத் ஓட்டினவர். அத்தனை வருஷமும் நின்றே பார்த்த வேலை. ரிட்டயர் ஆன பிறகு இடுப்பு தன் கணக்கைக் கேட்க ஆரம்பித்தது. போன வருஷம் வலி தாங்காமல் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தோம். டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். “வீக் ஓபியாய்டுதான், பயப்படாதீங்க” என்றார். நானும் பயப்படவில்லை.

ஐந்தாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ‘தொம்’மென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அப்பா பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் ரத்தம். சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்குகிறது.

“என்னப்பா பண்ணுது?”

“ஒண்ணும் இல்லடா. தலை சுத்துச்சு. நீ போய்ப் படு, காலையில வேலை இருக்குல்ல.”

மூன்று நிமிஷத்தில் அதே பதிலை நாலு தடவை சொன்னார். ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்குப் போனோம். அங்கே இருந்த டியூட்டி டாக்டர் என் வயசுப் பெண். முதல் கேள்வியே, “வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?” அம்மா கையில் மஞ்சப்பை இருந்தது, வீட்டில் இருந்த எல்லா அட்டைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படித்தார். இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தார். “இது ரெண்டும் சேர்ந்ததுதான் பிரச்சினை” என்றார்.

ஒன்று டிரமடால். இன்னொன்று டுலாக்செட்டின். சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு வேறொரு டாக்டர் ஒரு வருஷமாகக் கொடுத்துவந்தது. இரண்டுமே மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தை ஏற்றிவிடும். இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு. ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் பார்க்கவே இல்லை. எங்க தொழிலில் இதை டிபெண்டன்சி கான்ஃப்ளிக்ட் என்போம். தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் ஒழுங்காக ஓடும். ஒரே மெஷினில் சேர்த்துப் போட்டால் மெஷின் விழும். அன்றைக்கு விழுந்தது எங்க அப்பா.

நெற்றியில் ரெண்டு தையல். ஒரு நாள் அப்சர்வேஷன். அப்பா சரியாகிவிட்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ‘வீக்’ என்ற வார்த்தை என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. யார் வைத்த பெயர் இது? எதை அளந்து வைத்தார்கள்? தேடினால் பாரிஸ், ஜெர்மனி, அமெரிக்கா, மிசோரம் என்று சுற்றிவிட்டு, கடைசியில் எங்க வீட்டு மஞ்சப்பைக்கே வந்து நிற்கிற ஒரு வரலாறு கிடைத்தது.

கசகசாச் செடியிலிருந்து

ஊருக்குப் போகிறவர்களிடம் வீட்டில் சொல்வார்களே, “துபாய்க்குக் கசகசா எடுத்துட்டுப் போயிடாத, பிடிச்சு உள்ளே போட்டுடுவான்” என்று. காரணம், நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் அபினும் ஒரே செடியிலிருந்து வருகின்றன. விதை சமையலுக்கு. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அபினிலிருந்து மார்ஃபின் பிரிக்கப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1832இல் பாரிஸில் பியேர் ரோபிகே என்ற வேதியியலாளர் அதே அபினிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்தார். கசகசாக் காய்க்கான கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குக் கோடீன் என்று பெயர் வந்தது.

நமக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரில் அபின் ஆலை தொடங்கியது 1820இல், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில். இன்றைக்கும் அது அரசு ஆலை. மத்தியப் பிரதேசத்து நீமச்சில் இன்னொன்று. லைசன்ஸ் வாங்கிய விவசாயிகள் விளைவிக்கிற அபின் இந்த ஆலைகளுக்குத்தான் போகிறது.

கோடீனில் ஒரு விசித்திரம். அதற்கென்று வலி போக்கும் சக்தி மிகக் குறைவு. கல்லீரலில் சிப்2டி6 என்று ஒரு என்சைம் இருக்கிறது. அது கோடீனில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. வலியைக் குறைப்பது பெரும்பாலும் அந்த மார்ஃபின்தான். அதாவது ‘வீக்’ மருந்து என்று நாம் விழுங்குவது, ‘ஸ்ட்ராங்’ மருந்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்துக்கொள்ள ஒரு வழி.

இங்கேதான் சிக்கல். எல்லோருக்கும் அந்த என்சைம் ஒரே வேகத்தில் ஓடாது. சிலருக்குக் கிட்டத்தட்ட ஓடவே ஓடாது. அவர்களுக்குக் கோடீன் கொடுத்தும் வலி போகாது, “இவர் நடிக்கிறார்” என்ற பேச்சுதான் மிஞ்சும். சிலருக்கு அதிவேகமாக ஓடும். சாதாரண டோஸிலேயே மார்ஃபின் குவிந்து மூச்சு மந்தமாகும். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்கள் உட்பட தென்னிந்திய மக்களிடம் இந்த வேறுபாட்டை அளந்தார்கள். வேகம் குறைந்தவர்கள் நம்மிலும் நூற்றுக்குச் சிலர் இருக்கிறார்கள். நீங்களும் நானும் எந்தப் பக்கம் என்று நம் நெற்றியில் எழுதி ஒட்டவில்லை.

டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் குழந்தைகளுக்குக் கோடீன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தின. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, 12 வயதுக்குக் கீழே வலிக்குக் கோடீனும் கூடாது, டிரமடாலும் கூடாது என்றது. 1832இல் கண்டுபிடித்த மருந்து. அதில் குழந்தைக்கு என்ன ஆபத்து என்று தெளிவாகச் சொல்ல 180 வருஷம் ஆகியிருக்கிறது.

திருப்பிப் போட்ட பெயர்

இப்போ அமெரிக்காவுக்குப் போவோம். 1957இல் எலி லில்லி கம்பெனி டார்வான் என்ற மாத்திரையை இறக்கியது. உள்ளே இருந்தது டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிஃபீன். நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அதனால் இனிமேல் டி.பி.பி. அபினே தேவைப்படாமல் ஆய்வகத்தில் செய்த ஓபியாய்டு. கோடீனுக்குப் பாதுகாப்பான மாற்று என்று நம்பப்பட்டது. இதன் மூலக்கூறைக் கண்ணாடியில் பார்த்தால் வருகிற எதிர்வடிவம் வலிக்கு உதவாது, இருமலுக்கு உதவும். அதையும் விற்றார்கள். பெயர் நோவ்ராட். டார்வானின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் நோவ்ராட். கோடு எழுதுகிற எனக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்தது. மீதிக் கதை பிடிக்கவில்லை.

டி.பி.பி கல்லீரலில் உடைந்து இன்னொரு பொருளாகிறது. அது உடம்பை விட்டுப் போக மிக மெதுவாக நேரம் எடுக்கும், பாதி குறையவே 30 மணி நேரத்துக்கு மேல். வேளாவேளைக்கு மாத்திரை போட்டால் அது சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தால் இதயத்தின் மின்துடிப்பில் கை வைக்கும். ஓபியாய்டு அதிகமாகி மூச்சு மந்தமானால் நலாக்சோன் ஊசி போடுவார்கள். அது மூச்சை மீட்கும். டி.பி.பி இதயத்துக்குச் செய்ததை அது மீட்காது.

சரி, இவ்வளவு ஆபத்துக்குப் பலனாவது பெரியதா? பிரிட்டனில் டி.பி.பியும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரைக்குக் கோ-புராக்சமால் என்று பெயர். அதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. அது சொன்னது இதுதான்: வெறும் பாராசிட்டமாலைவிட இது பெரிதாக வலியைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

அதே நேரத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் வருஷத்துக்கு 300 முதல் 400 பேர் இந்த மாத்திரை அளவுக்கு மீறிப் போனதால் இறந்துகொண்டிருந்தார்கள். அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு முழுக்க விபத்து. வலி போகவில்லையே என்று கூட ரெண்டு போட்டவர்கள், மதுவோடு சேர்த்து எடுத்தவர்கள். 2005 ஜனவரியில் பிரிட்டன் இதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. ஆக்ஸ்போர்டில் கீத் ஹாட்டன் குழு அடுத்து வந்த வருஷங்களின் மரணங்களைக் கணக்கெடுத்தது. இந்த மாத்திரையால் வந்த மரணங்கள் பெரிதாகக் குறைந்தன. மற்ற வலி மாத்திரைகளால் வரும் மரணங்கள் அந்த இடத்தை நிரப்பவும் இல்லை.

அமெரிக்காவில் 1978லேயே இதைத் தடை செய்யச் சொல்லி ‘பப்ளிக் சிட்டிசன்’ என்ற நுகர்வோர் அமைப்பு மனு கொடுத்தது. நடக்கவில்லை. 2006இல் மறுபடி கொடுத்தது. 2009 ஜனவரியில் ஆலோசனைக் குழு வாக்களித்தது. நிறுத்தலாம் என்று 14, வேண்டாம் என்று 12. அப்போதும் எச்சரிக்கையைப் பெரிதாக அச்சிட்டார்கள், இதயத்தைப் பற்றி ஒரு ஆய்வு செய்யச் சொன்னார்கள். சாதாரண டோஸிலேயே இதயத்துடிப்பின் கோடு மாறுவது அந்த ஆய்வில் தெரிந்தது. 2010 நவம்பரில் மருந்து சந்தையை விட்டுப் போனது. அதற்கு முந்தைய வருஷம் மட்டும் சுமார் 1 கோடி அமெரிக்கர்கள் அதை வாங்கியிருந்தார்கள். முதல் மனுவுக்கும் கடைசி மாத்திரைக்கும் நடுவே 32 வருஷம்.

நம்ம ஊர் நீலக் கேப்சூல்

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் டி.பி.பி என்றால் யாருக்கும் தெரியாது. புராக்சிவான் என்றால் தெரியும். உங்க அப்பா, மாமா யாரிடமாவது கேட்டுப் பாருங்க. ஆபரேஷன் ஆனால், பல் பிடுங்கினால், அடிபட்டால் இதுதான். ஸ்பாஸ்மோ புராக்சிவான் என்று இன்னொன்று, நீல நிறக் கேப்சூல். வயிற்றுப் பிடிப்புக்கும் மாதவிடாய் வலிக்கும் டாக்டர்கள் எழுதினார்கள்.

வடகிழக்கில் இந்த நீலக் கேப்சூலுக்கு வேறு கதை நடந்தது. மிசோரம், மணிப்பூர், நாகாலாந்தில் இளைஞர்கள் இதை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஊசிக்காகச் செய்த மருந்தே இல்லை இது. உள்ளே இருக்கிற மாவு ரத்தக்குழாயை அடைத்துச் சீழ் பிடித்தது. கையும் காலும் எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. மிசோரமில் பல வருஷங்கள் போதை மரணங்கள் என்றாலே இந்தக் கேப்சூல்தான் முன்னால் நின்றது.

இவ்வளவு சுலபமாக அது எப்படிக் கிடைத்தது? இதற்குப் பதில் 1985இல் இருக்கிறது. அந்த வருஷம் நவம்பர் 14இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. என்.டி.பி.எஸ் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனைக்குப் பல துறைகளிடம் பல லைசன்ஸ் வேண்டியிருந்தது. ஒன்று காலாவதியானால் எல்லாம் நின்றுபோகும். தப்பு நடந்தால் பத்து வருஷம் ஜெயில். யார் வாங்கி வைப்பார்கள்? அடுத்த பன்னிரண்டு வருஷத்தில் இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. உலகத்துக்கே அபின் விளைவித்து அனுப்புகிற நாட்டில், புற்றுநோய் நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் கீழ் விலக்குகளும் இருந்தன. ஒரு மாத்திரையில் டி.பி.பி 135 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் விலக்கு. கோடீன் 100 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் விலக்கு. அப்படி விலக்கு பெற்றவை மற்ற மருந்துகளைப் போல மெடிக்கல் கடைக்கு வந்தன. சட்டப்படி சீட்டு வேண்டும். நடைமுறை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு அடுத்த வருஷம், 1986இல், உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு மூன்று படி ஏணி வெளியிட்டது. முதல் படி பாராசிட்டமால் மாதிரியானவை. இரண்டாவது படி ‘வீக்’ ஓபியாய்டு. மூன்றாவது படி மார்ஃபின். மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படித்த ஏணி. நம்ம நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது படி இல்லை, எனவே எல்லோரும் இரண்டாவது படியிலேயே நின்றார்கள்.

எனக்குப் பொறி தட்டியது இங்கேதான். ‘வீக்’ என்பது மருந்தின் குணம் என்று நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் லைசன்ஸின் குணம். எது சுலபமாகக் கிடைத்ததோ அது வீக். எதற்கு ஃபைல் தேவைப்பட்டதோ அது ஸ்ட்ராங்.

பெயர் அதே, மருந்து வேறு

2013 மே 23இல் மத்திய அரசு டி.பி.பியின் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தி அறிவிக்கை வெளியிட்டது. பிரிட்டன் அறிவித்து எட்டு வருஷம் கழித்து. பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஸ்பாஸ்மோ புராக்சிவான் என்ற அதே பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ சேர்ந்தது. உள்ளே டி.பி.பி இருந்த இடத்தில் டிரமடால். கடையில் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டவருக்குக் கைக்கு வந்தது வேறொரு மருந்து. லேபிள் மாறாமல் உள்ளே லைப்ரரி மாறிவிட்டது.

டிரமடால் யார்? ஜெர்மனியின் குருனென்தால் கம்பெனியில் 1962இல் உருவானது, 1977இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடை விற்றதும் அதே கம்பெனிதான். டிரமடால் இரட்டை வேலை செய்யும். ஒரு கை ஓபியாய்டு. இன்னொரு கை, மன அழுத்த மாத்திரைகளைப் போல செரட்டோனினை ஏற்றும். ‘இது மார்ஃபின் மாதிரி இல்லை’ என்ற நல்ல பெயரோடு உலகம் முழுக்கப் போனது. பல வருஷம் பல நாடுகளில் சாதாரண மருந்தாகவே இருந்தது. 2014இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. இந்தியா 2018 ஏப்ரல் 26இல் என்.டி.பி.எஸ் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதற்குள் இங்கிருந்து போன டிரமடால் மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் பெரிய போதைப் பொருளாகியிருந்தது.

டிரமடாலை இறுக்கினதும் அடுத்த பெயர் வந்தது: டபென்டடால். சென்னைச் செய்திகளில் ‘உடல் வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல்’ என்று வருகிறதே, அதில் அடிக்கடி அடிபடுவது இதுதான். 2025 பிப்ரவரியில், டபென்டடாலையும் கேரிசோப்ரடால் என்ற தசை தளர்த்தியையும் சேர்த்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதை ஒரு பி.பி.சி புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது. உடனே அந்தக் கலவையின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை மத்திய அரசு திரும்பப் பெற்றது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குள் இருக்கிறவர்களில் 2.06 சதவீதம் பேர் ஏதாவது ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். மருந்துக்கடை வகை ஓபியாய்டை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுப்பவர்கள் மட்டும் 0.96 சதவீதம்.

மூன்றையும் மேஜையில் வைத்தால்

இப்போ நேராக ஒப்பிடுவோம். டி.பி.பி: வலிக்குப் பலன் குறைவு, ஆபத்து இதயத்தில், கொஞ்சம் மீறினாலும் உயிருக்கு. கோடீன்: மலச்சிக்கல் அதிகம், தூக்கம் அசத்தும், உங்க என்சைமைப் பொறுத்துப் பலனும் ஆபத்தும் மாறும். டிரமடால்: மலச்சிக்கல் சற்றுக் குறைவு, குமட்டலும் தலைசுற்றலும் அதிகம், வலிப்பு வரலாம், சர்க்கரை திடீரென்று இறங்கலாம், செரட்டோனின் மருந்துகளோடு மோதும். மூன்றுக்கும் பொதுவானது இரண்டு: பழகிப்போகும், மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சை அடக்கும்.

எங்க அப்பா விஷயத்தில் இன்னொரு முடிச்சு. டுலாக்செட்டின் அந்த சிப்2டி6 என்சைமையும் மட்டுப்படுத்தும். டிரமடாலின் ஓபியாய்டு வேலைக்கு அதே என்சைம் வேண்டும். எனவே செரட்டோனின் ஏறுகிறது, வலியும் சரியாகப் போகவில்லை. வலி போகாததால் அப்பா எங்களிடம் சொல்லாமல் நாலாவது நாளிலிருந்து ராத்திரிக்கு ஒன்று கூடப் போட்டிருக்கிறார். “வீக்னு தானே டாக்டர் சொன்னாரு” என்றார் பிறகு.

இந்த ‘வீக்’ எவ்வளவு வீக்? டிரமடால் மார்ஃபினில் பத்தில் ஒரு பங்கு வீரியம் என்பது பழைய கணக்கு. 2022இல் அமெரிக்காவின் சி.டி.சி அதை ஐந்தில் ஒரு பங்கு என்று மாற்றியது. ஒரு நாளின் அதிகபட்ச அளவு 400 மில்லிகிராம். பழைய கணக்கில் அது 40 மில்லிகிராம் வாய்வழி மார்ஃபின், புதிய கணக்கில் 80. மார்ஃபினே இதைவிடக் குறைந்த அளவில் ஆரம்பிக்கப்படுகிற மருந்து.

இதை நேருக்கு நேர் சோதித்தும் பார்த்தார்கள். 2016இல் இத்தாலியில், நடுத்தர வலி உள்ள 240 புற்றுநோய் நோயாளிகளில் ஒரு பாதிக்கு வீக் ஓபியாய்டு, மறுபாதிக்குக் குறைந்த டோஸ் மார்ஃபின். மார்ஃபின் எடுத்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு வலி போதுமான அளவு குறைந்தது. வீக் ஓபியாய்டில் 58 சதவீதம். பக்க விளைவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிகாட்டியில் அந்தப் பழைய ஏணியைப் பின்னிணைப்புக்கு நகர்த்திவிட்டது.

அப்போ எல்லாத்தையும் தடை பண்ணிடலாமா?

இல்லை. அந்த முடிவுக்குத் தாவ வேண்டாம். அப்படித் தாவியதுதான் 1985. வலி ஒரு நிஜம். லேத் முன்னால் 31 வருஷம் நின்றவரிடம் “பொறுத்துக்கோங்க” என்று சொல்ல நான் யார்? 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். வாய்வழி மார்ஃபினை வீட்டுக்குக் கொடுத்தும் கவனமாக இருக்க முடியும் என்று காட்டினார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், கோடீன் உட்பட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ ஆயின. பல லைசன்ஸுகளுக்குப் பதில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி.

தளர விட்டால் மிசோரம். இறுக்கிப் பிடித்தால் வலியில் துடிக்கிற புற்றுநோய் வார்டு. இரண்டுமே நம் நாட்டில் ஒரே காலத்தில் நடந்தன, ஏனென்றால் நாம் மருந்தைப் பார்க்காமல் அதன் பெயரையும் வகையையும் பார்த்தோம்.

அதனால் இந்த எபிசோடிலிருந்து நீங்க ஒரே ஒரு விஷயம் எடுத்துக்கொண்டால் போதும். அட்டையைத் திருப்புங்க. முன்பக்கம் இருப்பது வியாபாரப் பெயர், அது எப்போது வேண்டுமானாலும் உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளும். பின்பக்கப் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அதைக் காட்டி டாக்டரிடம் மூன்று கேள்வி: இது என்ன மருந்து? ஏற்கெனவே சாப்பிடுகிறவற்றோடு சேருமா? எத்தனை நாள், எப்படி நிறுத்துவது? ரொம்ப நாளாக எடுப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுத் திடீரென்று தானாக நிறுத்த வேண்டாம், அதுவும் உடம்பைப் படுத்தும். மனசு சரியில்லாமல் இருந்தாலோ, மாத்திரைப் பழக்கத்திலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை என்றாலோ 14416, டெலிமானஸ். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

எங்க வீட்டில் இப்போ ஃபிரிட்ஜ் மேலே ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறது. அப்பா சாப்பிடுகிற ஒவ்வொரு மாத்திரைக்கும் வியாபாரப் பெயர், உள்ளே இருக்கிற மருந்து, எழுதின டாக்டர், ஆரம்பித்த தேதி. எந்த டாக்டரிடம் போனாலும் அதை போட்டோ எடுத்துக் காட்டுகிறோம். இடுப்புக்கு இப்போ பாராசிட்டமாலும் பிசியோதெரபியும். வலி முழுசாகப் போகவில்லை. சில நாள் சாயங்காலம் இந்துக் கல்லூரி ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்து, திண்ணையில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் பக்கத்து வீட்டு மாமா முட்டி வலி என்று வந்தார். “உன்கிட்ட பழைய மாத்திரை ஏதாவது இருக்கா?” என்று அப்பாவைக் கேட்டார். நான் உள்ளேயிருந்து எழுந்து வருவதற்குள் அப்பா சொன்னது காதில் விழுந்தது.

“மாத்திரை இருக்கட்டும்பா. நீ என்னென்ன சாப்பிடறன்னு முதல்ல சொல்லு.”

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.